நகரக் கூடாத புள்ளி

அக்கா, ஒரு நிமிஷம் இந்தக் கையைத் தொட்டுப் பாருங்களேன். ஐஸ் மாதிரி இல்ல? பஸ்ஸு ஜன்னல் காத்து இல்லக்கா, ஜன்னல் உங்க பக்கம்ல இருக்கு. காலையில எந்திரிச்சதுல இருந்தே இப்படித்தான். எங்கம்மா மூணு இட்லி வச்சுச்சு. ஒண்ணு கூட உள்ள இறங்கல. 

பரீட்சைக்கா. பத்து மணிக்கு. யுனிவர்சிட்டி பரீட்சை, கம்ப்யூட்டர் கிராபிக்ஸ். கடைசி செமஸ்டர்ல கடைசி பேப்பர். இது முடிஞ்சா காலேஜே முடிஞ்சது.

நல்லாப் படிச்சிருக்கியான்னு கேட்குறீங்களா? அதுல ஒண்ணும் குறையில்லக்கா. நான்தான் எங்க கிளாஸ்ல ஃபர்ஸ்ட். பெருமைக்குச் சொல்லல, ரெண்டாவது வருஷத்துல இருந்தே அப்படித்தான். எங்க செட்டுல என்னைய மேடம்னுதான் கூப்பிடுவாளுக. கார்த்தீஸ்வரிங்கற பேரே மறந்துபோச்சு அவளுகளுக்கு. "மேடம், இது புரியல, மேடம், அது புரியல"ம்பாளுக. எனக்கு அது பிடிக்காதுக்கா. வேணாம்டின்னு சொல்வேன். கேட்க மாட்டாளுக.

அப்புறம் எதுக்குப் பயம்னுதான கேட்குறீங்க. சொல்றேன். நீங்க யாரோ, நான் யாரோ. மில்லுக்குப் போறீங்க போல, கழுத்துல கார்டு கிடக்கு. இனிமே எங்க பார்க்கப் போறோம். உங்ககிட்ட சொன்னா என்ன.

எங்க செட்டு நாலு பேருக்கா. நான், பெனாசிர், ஜெசிந்தா, நாகஜோதி. நாங்க பரீட்சைக்குப் படிக்கறதுக்குன்னு ஒரு முறை வச்சிருக்கோம். ஒரு பேப்பருக்கு அஞ்சு யூனிட்டு. ஆளுக்கு ஒரு யூனிட்டை எடுத்துக்கிடணும். அஞ்சாவதுல ரெண்டு மார்க் கேள்வியை மட்டும் பார்த்துக்கிட்டு பெரிய கேள்வியை விட்டுருவோம். யார் எதை எடுக்குறாளோ அவ அதை முழுசாப் படிச்சுட்டு வந்து மத்த மூணு பேருக்கும் சொல்லிக்கொடுக்கணும். மத்த மூணு பேரும் அந்த யூனிட்டுல புத்தகத்தையே தொட மாட்டோம். சொல்லிக் கொடுத்தவ சொன்னதுதான் நோட்டு, அதுதான் பரீட்சை. ஏழு செமஸ்டர் இப்படித்தான் ஓட்டியிருக்கோம்.

தொட மாட்டோம்னா நிஜமாவே தொட மாட்டோம்க்கா. அங்கதான் இருக்கு வம்பு.

இந்தத் தடவை பெனாசிர் வீட்டுல உட்கார்ந்தோம், அருப்புக்கோட்டையில. அஞ்சு நாள் லீவு. போர்டு கிடையாது. அவங்க வீட்டு கேரம் போர்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்துல சாக்பீஸால எழுதுவோம். மூணாவது யூனிட்டு நான் எடுத்தேன். அதுதான் இருக்கறதுலயே கஷ்டம். யாரும் எடுக்க மாட்டாளுக, நான்தான் எடுத்தாகணும். அதுல இருந்து எப்படியும் ஒரு பதிமூணு மார்க்கு வரும். கடைசிப் பதினஞ்சு மார்க்குக் கேள்வியும் அதுல இருந்தே வரலாம். கூட்டிப் பாருங்க. இருபத்தெட்டு மார்க்கு என் ஒரு யூனிட்டுல.

என்னதான் அதுலன்னா, ஒரு படத்தைச் சுத்துறது. படம் வரையுறதான்னு எங்கப்பாவும் கேட்டாரு. படமெல்லாம் இல்ல, பூராம் கணக்கு. இப்ப உங்க வீட்டு ஃபேன் இருக்குல்ல? றெக்கை சுத்துது. நடுவுல இருக்கற கம்பி அங்கேயேதான நிக்குது? அந்த மாதிரி ஒரு புள்ளியை நிப்பாட்டி வச்சுக்கிட்டு மத்ததைச் சுத்தணும். நடுப்புள்ளி நகரக் கூடாது. அம்புட்டுத்தான். அதுக்கு மூணு கணக்கை வரிசையா எழுதியிருக்கும். ஒண்ணு அந்தப் புள்ளியோட நம்பரைக் கூட்டுற ப்ளஸ், ஒண்ணு சுத்துறது, ஒண்ணு அதையே கழிக்கிற மைனஸ்.

எழுதினதை நாம எப்படிப் படிப்போம்? இடது பக்கம் இருந்துதான? நானும் அப்படித்தான் படிச்சேன். முதல்ல ப்ளஸ், அப்புறம் சுத்து, அப்புறம் மைனஸ். அப்படியே போர்டுல போட்டேன். மூணு பேரும் எழுதிக்கிட்டாளுக. நாலு கணக்குப் போட்டுக் காமிச்சேன். கைத்தட்டினாளுகக்கா, பெனாசிர் அம்மா டீ கொண்டாந்தாங்க. அன்னைக்கு நான் நல்லாத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

ஆனா அது வலது பக்கம் இருந்து ஆரம்பிக்கணுமாம்.

சிரிக்காதீங்கக்கா. ஆமா, எல்லாமே தலைகீழ். முதல்ல மைனஸ், அப்புறம் சுத்து, கடைசியிலதான் ப்ளஸ். எழுதியிருக்கறது அப்படி, வேலை நடக்குறது இப்படி. இதை யாரு எதிர்பார்ப்பா? எங்க சார் கிளாஸ்ல சொல்லவே இல்ல. சொல்லியிருந்தாலும் அன்னைக்கு நான் லீவா இருந்திருப்பேன். புத்தகத்துல இருந்து எடுத்த ஜெராக்ஸ்ல அதைச் சொல்ற வரி கட்டாயிப் போச்சு. கட்டாகல, ரொம்ப மங்கலா இருந்துச்சு. இப்பக் கூட பையில இருக்கு, வேணா காமிக்கிறேன்... இந்தா பாருங்க. கீழ இருந்து ரெண்டாவது வரி.

தெளிவாத்தான் இருக்கு. சரி விடுங்க.

நான் வேணும்னு பண்ணலக்கா. அதை மட்டும் நீங்க நம்பணும்.

இதுல நாகஜோதி இருக்காளே, அவளாலதான் எனக்கு இம்புட்டுக் கஷ்டமும். அவ படிப்புல சுமார்தான். தப்பாச் சொல்லல, அவளே சொல்லுவா. ஆனா கேள்வி கேட்பா பாருங்க. நான் வேகமாச் சொல்லிக்கிட்டே போறேன், இவ எந்திரிச்சு வந்து கேரம் போர்டு மேல ஸ்ட்ரைக்கரை வைக்கிறா. "கார்த்தி, இதுதான நடுப்புள்ளி? ரெண்டு கமா ரெண்டு. இது நகரக் கூடாதுன்னு நீதான சொன்ன? நீ சொன்னபடி போட்டா இது மைனஸ் ஆறு, ரெண்டுக்குப் போகுதேடி"ன்னு ஸ்ட்ரைக்கரைத் தள்ளிக்கிட்டே போறா. அது போர்டு விளிம்பைத் தாண்டிப் பாயில விழுந்துருச்சு. எல்லாரும் சிரிச்சாளுக.

எனக்குக் கோவம் வந்துருச்சுக்கா. யாருக்குத்தான் வராது? "நீ கூட்டல் தப்பாப் போட்டிருப்ப. பெரிய ஸ்டாஃப் மாதிரி கேள்வி கேட்காத. சொன்னதை எழுது, பாஸாகணுமா வேணாமா?"ன்னு கேட்டுட்டேன். அவ ஸ்ட்ரைக்கரை எடுத்து டப்பாவுல போட்டுட்டு உட்கார்ந்து எழுதினா. நல்லதுக்குத்தான் சொன்னேன்.

ஏன்னா அவ இதுல பாஸாகியே தீரணும். கேம்பஸ் இன்டர்வியூல கோயம்புத்தூர் கம்பெனி ஒண்ணு அவளை எடுத்திருக்கு. எங்க கிளாஸ்ல இருந்து அவ ஒருத்திதான். ஒரு பேப்பர் போனாலும் ஆர்டரைத் திருப்பி வாங்கிக்கிடுவாங்க. எல்லாப் பேப்பரும் முடிச்சு சர்டிபிகேட்டோட வந்தாத்தான் வேலை. அவ வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆளு அவதான். அந்த ஆர்டரை அவங்கம்மா மஞ்சப்பையில போட்டு பீரோவுல வச்சிருக்காம். வேற பேப்பரெல்லாம் எப்படியோ தாண்டிருவா. இந்தப் பேப்பர்தான் அவளுக்குப் பயம். இந்த இருபத்தெட்டு மார்க்கு போச்சுன்னா அவ எந்திரிக்கவே முடியாது.

எனக்கா? எனக்கு அந்தக் கம்பெனி கிடைக்கல. கடைசி ரவுண்டு வரைக்கும் போனேன். அவ பேசின இங்கிலீஷுக்கு நான் பேசினது எம்புட்டோ மேல். எப்படி எடுத்தாங்கன்னு எனக்கே தெரியல. அதைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல. அன்னைக்கே ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன் அவளுக்கு. ஒண்ணுமே இல்ல எனக்கு. சும்மா, நீங்க கேட்டீங்கன்னு சொல்றேன்.

நீங்க கேட்கலையோ? சரி.

தப்புன்னு எனக்கு எப்பத் தெரிஞ்சதுன்னா, நேத்து மத்தியானம். சாப்பிட்டு முடிச்சு கிராஃப் ஷீட்டை எடுத்தேன். நாகு சொன்னது தப்புன்னு ஒரு படம் போட்டு குரூப்புல போட்டுவிடலாம்னுதான் எடுத்தேன். ரெண்டு கமா ரெண்டுல சிவப்புப் பேனாவுல புள்ளி வச்சேன். நான் சொன்னபடியே போட்டேன். ப்ளஸ் பண்ணா நாலு, நாலு. தொண்ணூறு டிகிரி சுத்துனா மைனஸ் நாலு, நாலு. மைனஸ் பண்ணா மைனஸ் ஆறு, ரெண்டு. திரும்பப் போட்டேன். மைனஸ் ஆறு, ரெண்டு. பேனாவை மாத்திப் போட்டேன்க்கா, பேனா என்ன பண்ணும். கை அப்படியே விறைச்சுப் போச்சு. அப்புறந்தான் ஜெராக்ஸைத் தேடி அந்த வரியைப் படிச்சேன். அந்த நிமிஷத்துல இருந்து இந்தக் கை இப்படித்தான் இருக்கு.

ஆமா, நேத்து மத்தியானம். ரெண்டு மணி இருக்கும்.

உடனே சொல்லியிருக்கலாம்லன்னு உங்க கண்ணுலயே தெரியுது. சொல்றது லேசுக்கா. இப்ப நான் சொன்னா என்னாகும்? மூணு பேரும் பதறுவாளுக. படிச்சதெல்லாம் மறந்துபோகும். நாகு அழுதே ஹாலுக்கு வருவா. பரீட்சைக்கு முந்தின நாள் யாரையும் குழப்பக் கூடாதுன்னு எங்க சாரே சொல்லுவாரு. நான் அவளுகளுக்காகத்தான் யோசிச்சேன். குரூப்புல டைப் பண்ணேன். ஏழு தடவை பண்ணேன். ஏழு தடவையும் அழிச்சுட்டேன். அந்த குரூப்புக்குப் பேரே 'பாஸானா போதும்'. அதைப் பார்த்துட்டு போனைக் கவுத்து வச்சுட்டேன்.

இன்னொண்ணும் இருக்கு. போன செமஸ்டர்ல பெனாசிர் ஒரு யூனிட்டுல ஒரு சின்ன ஃபார்முலாவைத் தப்பாச் சொல்லிக்கொடுத்துட்டா. நாலு மார்க்கு போச்சு எனக்கு. அதுக்கு நான் ஒண்ணும் பெருசாச் சொல்லல. உன்னை நம்பினேன் பாரு, என் புத்தியைச் சொல்லணும்னு எல்லாரும் இருக்கறப்பச் சொன்னேன். ஒரு வாரம் பேசல, அவ்வளவுதான். அவ அழுதுக்கிட்டே சாரி சொன்னா, நானும் மன்னிச்சுட்டேன். அது நாலு மார்க்குக்கா. இது இருபத்தெட்டு.

இப்பப் புரியுதா ஏன் பயமா இருக்குன்னு?

போன் பண்ணிச் சொல்லிருன்னா, எங்க பண்றது. சார்ஜே இல்ல. நேத்தே தீந்துபோச்சு, சுவிட்ச் ஆஃப். காலேஜ் போய்த்தான் பார்க்கணும். அங்க போய் ஹால் வாசல்ல நின்னு சொல்லவா முடியும்? எல்லாரும் கடைசித் தடவையாப் புரட்டிக்கிட்டு நிப்பாங்க.

என்ன, கேட் போட்டுட்டானா? போச்சு. இந்த ரயில்வே கேட்டுல மாட்டினா பத்து நிமிஷம் போயிரும். மணி எட்டு நாப்பதுதான், பரவாயில்ல... இல்லக்கா, மணி அந்தக் கடையில பார்த்தேன். கடையில கடிகாரம் இருந்துச்சு.

உங்க மில்லுல நூலு அறுந்துபோனா என்னக்கா பண்ணுவீங்க? அப்பவே சேர்த்து விட்டுருவீங்களா? விட்டா? ம்... மொத்தமும் வேஸ்ட்டாப் போகும். சூப்பர்வைசர் வைவாரா? வைஞ்சாலும் சேர்த்துட்டுத்தான் மறுவேலையா? உங்களுக்கு அது சரிக்கா. அது கையால செய்யுற வேலை, அறுந்தா எல்லாருக்கும் கண்ணுக்குத் தெரிஞ்சுரும். எங்களுது அப்படி இல்ல. இது மூளை சம்பந்தப்பட்டது, வெளிய தெரியாது. ரிசல்ட் வர்ற வரைக்கும் தெரியாது. அப்பவும் யாரால போச்சுன்னு தெரியாது.

இல்ல, நான் அந்த அர்த்தத்துல சொல்லல.

உண்மையைச் சொன்னா, மாத்திச் சொல்ல ஒரு நிமிஷம் கூட ஆகாதுக்கா. மொத்தக் கணக்கையும் மாத்த வேணாம். ப்ளஸ் இருக்கற இடத்துல மைனஸ், மைனஸ் இருக்கற இடத்துல ப்ளஸ். முடிஞ்சுது. ஒரு மூச்சுல சொல்லிரலாம். அது இம்புட்டு லேசா இருக்கறதுதான் எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. பெரிய விஷயமா இருந்தா நேரம் இல்லன்னு விட்டுரலாம். இதை என்ன சொல்லி விடுறது?

நான் பரீட்சையில சரியாத்தான் எழுதுவேன். எனக்குத்தான் தெரியுமே இப்ப. அதை நினைச்சா சந்தோஷமா இருக்கணும்ல? நேத்து ராத்திரி படுக்கும்போது நினைச்சேன், நான் மட்டும் சரியா எழுதி அவளுக மூணு பேரும் தப்பா எழுதினா அப்ப எப்படி இருக்கும்னு. நல்லா இல்லக்கா. ஒரு செகண்டு நல்லா இருந்துச்சு. அப்புறம் எந்திரிச்சு லைட்டைப் போட்டு உட்கார்ந்துட்டேன்.

என்ன சத்தம்?

என் பையா? போனா? இல்லக்கா, அது வேற யாருதோ... என்னுதுதான். கொஞ்சம் சார்ஜ் இருந்திருக்கும் போல. தானா ஆன் ஆகும் சில நேரம். நாகஜோதிதான் கூப்பிடுறா. விட்டுரட்டுமா? நின்னுரும். பாருங்க, நின்னுருச்சு.

திரும்ப அடிக்கிறா.

அய்யோ அக்கா, என் கையைப் பிடிச்சுக்கங்க. சரி, எடுக்குறேன். எடுத்துட்டேன்.

ஹலோ. ம், சொல்லு நாகு. பஸ்ல. கேட்டுல நிக்குது. சாப்பிட்டியா? ம். என்ன? எது? ஆமா, என் யூனிட்டுதான்... ம்... நாலு தடவையா? ம்.

அக்கா, அவ காலையில அஞ்சு மணியில இருந்து என் கணக்கையே போட்டுக்கிட்டு இருக்காளாம். நாலு தடவை போட்டும் அந்தப் புள்ளி நிக்க மாட்டேங்குதாம். "நான்தான் எங்கயோ தப்புப் பண்றேன் கார்த்தி, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். அது நகர்ந்துட்டுப் போகட்டும், நீ போர்டுல போட்ட மாதிரியே எழுதிட்டு வந்துர்றேன்"ங்கிறா. தைரியம் வர்றதுக்காக என்கிட்ட ஒரு வார்த்தை பேசலாம்னுதான் போன் போட்டாளாம். லைன்ல இருக்கா. என்னக்கா சொல்லட்டும்? ஏன் பேசாம இருக்கீங்க?

ஹலோ, நாகு. இருக்கேன், இருக்கேன். கேளு. கத்தாத. நோட்டை எடு. எடுத்துட்டியா? நான் போட்டதுல ப்ளஸ்ஸை மைனஸ் ஆக்கு. மைனஸ்ஸை ப்ளஸ் ஆக்கு. ஆமா. முதல்ல மைனஸ். ஆமாடி, மாத்தித்தான். நான் சொன்னது... நான் சொன்னது தப்பு. இப்பப் போட்டுப் பாரு. ரெண்டு கமா ரெண்டை வச்சுப் போடு. நான் லைன்லயே இருக்கேன்.

போடுறாக்கா. பேனா சத்தம் கேட்குது. வையப் போறா. எனக்குத் தெரியும், வையத்தான் போறா.

ம்? நிக்குதா?

சிரிக்கிறாக்கா. அவ சிரிக்கிறா. "அப்ப அன்னைக்கு நான் கேட்டது சரிதானாடி? நிஜமாவே சரியா?"ன்னு ரெண்டு தடவை கேட்குறா. ஆமா நாகு. சரிதான். நீ கேட்டது சரி. ம். பெனாசிருக்கும் ஜெசிக்கும்... நீயா? நீ எப்படி... இல்லடி, வேணாம்... சரி. சரிடி.

மத்த ரெண்டு பேர்கிட்டயும் அவளே சொல்லிக்கிடுவாளாம். ஜெராக்ஸ்ல பிரிண்ட் தப்புன்னு சொல்லிருவாளாம், என் பேரை எடுக்க மாட்டாளாம். "நீ பயந்துக்கிட்டு வராத மேடம், உனக்கும் பரீட்சை இருக்கு"ங்கிறா.

ம், இருக்கேன் நாகு. என்ன? எப்பத் தெரிஞ்சதா?

இப்பத்தான்டி. பஸ்ல வரும்போது.

சரி, வை. ஹால் வாசல்ல பார்ப்போம். வச்சிருறேன்.

முடிஞ்சுதுக்கா. சொல்லிட்டேன். அப்பாடா. கேட்டும் திறந்துட்டான், பாருங்க, பஸ்ஸும் கிளம்பிருச்சு.

என்னக்கா அப்படிப் பார்க்குறீங்க? நேத்து மத்தியானம்னா சொல்ல முடியும்? பரீட்சைக்குப் போற புள்ளகிட்டயா? அவ மனசு கஷ்டப்படாதா? கணக்கைச் சொல்லிட்டேன்ல, அதுதான முக்கியம். எப்பத் தெரிஞ்சா என்ன. அவளுக்கு இனிமே தெரியவும் போறதில்ல. எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

மில்லு ஸ்டாப்பா? இறங்குறீங்களா? இருங்க, காலை ஒதுக்கிக்கிறேன். ஒண்ணுமே சொல்லாமப் போறீங்களே. இம்புட்டு நேரம் கேட்டுட்டு வந்தீங்கள்ல, ஆல் தி பெஸ்ட்டாவது சொல்லுங்க. எல்லாம் சரியாயிருச்சு, அவ பாஸாயிருவா, நானும் நல்லா எழுதிருவேன். ஆனா அக்கா, ஒரே ஒரு நிமிஷம். இறங்குறதுக்கு முன்னாடி இந்தக் கையை இன்னொரு தடவை தொட்டுப் பாருங்களேன்.